குடும்ப வன்முறை வழக்கில் சம்மன் வந்திருக்கிறது, இப்போது என்ன செய்வது?

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் சூப்பர்வைசர், மாதம் 42 ஆயிரம் சம்பளம். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது, ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். நான்கு மாதத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு குழந்தையோடு திண்டுக்கல்லில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போன வாரம் திண்டுக்கல் கோர்ட்டிலிருந்து குடும்ப வன்முறை வழக்கு என்று சம்மன் வந்தது. என்னோடு 67 வயதான என் அம்மாவையும், கோவையில் கட்டிக்கொடுத்த என் அக்காவையும் சேர்த்திருக்கிறார்கள். மகளிர் காவல் நிலையத்திலிருந்தும் போன் வந்தது. 50 பவுனும் 10 லட்சமும் கேட்டு அடித்தோமாம், அக்கா கார் கேட்டாராம். எல்லாமே பொய். ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் கை நீட்டினேன், அதுவும் என் அம்மாவைப் பேசியதால். ஒரு அறைதான். மனைவியின் ஏ.டி.எம். கார்டு என்னிடம்தான் இருக்கும், அது மாடி கட்டிய லோனுக்காக. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியதில்லை என்கிறார்கள் நண்பர்கள். நகையைத் திருடிக்கொண்டு போனதாக எதிர்ப்புகார் கொடு, முதலில் டைவர்ஸ் போடு என்றும் சொல்கிறார்கள். எங்களைக் கைது செய்வார்களா? இந்தப் பொய் வழக்கிலிருந்து எப்படி மீள்வது?

வழக்கறிஞர் பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லாமே பொய் என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே இரண்டு உண்மைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று அந்த அறை, இன்னொன்று ஏ.டி.எம். கார்டு. வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது இந்த இரண்டையும் நீங்கள் எப்படிக் கையாளப்போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. பொய்யாகச் சொல்லப்பட்டதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, சட்டம் அதற்கு வழியும் வைத்திருக்கிறது. ஆனால் நடந்ததையும் சேர்த்து மறுத்தால், நடக்காததைப் பற்றி நீங்கள் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். 22 வருடமாக மனைவி பக்கமும் கணவன் பக்கமும் நின்று வாதாடுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன வழக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். இரண்டு தண்டவாளம் ஓடுகிறது. கோர்ட்டிலிருந்து வந்த சம்மன், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி போட்ட மனு. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தாலும் உங்களைச் சிறையில் தள்ளக் கேட்கும் மனு கிடையாது. பாதுகாப்பு உத்தரவு, தங்க இடம், மாதச் செலவு, குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கும் மனு. இதன் தன்மை சிவில் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் விரிவாகவே விளக்கியிருக்கிறது. ஆகவே இந்த மனுவுக்காக உங்கள் அம்மா ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காவல் நிலையத்திலிருந்து வந்த போன் வேறு. அது வரதட்சணைக் கொடுமை பற்றிய புகாராக இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், கோர்ட்தான் முடிவு செய்யும். இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கைது செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். புகார் கொடுத்த உடனே குடும்பத்தோடு வண்டியில் ஏற்றும் காலம் போய்விட்டது. 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம்போலக் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் போதும். அந்த நோட்டீஸ் இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இல் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் தனியாகக் காரணம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஊரைவிட்டு ஓடினால் அந்தக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். போனை அணைத்துவிட்டுப் பழனிக்கோ பெங்களூருக்கோ போய் உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

இப்போது மகளிர் காவல் நிலையத்தில் என்ன நிலை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான ஒப்புகை) கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு மனு விசாரணை நடத்துவார்கள். கணவன் மனைவி தகராறுகளில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த விசாரணைக்கு உங்கள் வக்கீலோடு போங்கள். அங்கே யாரிடமும் குரலை உயர்த்த வேண்டாம். ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னால் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில், "நகை எல்லாம் என் வசம் உள்ளது, ஒரு வாரத்தில் ஒப்படைக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்புறம் அந்த ஒற்றை வரியை வைத்தே நம்பிக்கை மோசடிப் பிரிவும் சேரும். எழுத வேண்டியிருந்தால் உண்மையில் உங்களிடம் என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது என்று தெரிந்தால், நகலை எடுத்துக்கொண்டு செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

அம்மாவையும் அக்காவையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியுமா என்றால், முடியும். சட்டத்தில் முதலில் எதிர்மனுதாரர் என்றால் வயதுவந்த ஆண் என்றுதான் இருந்தது. 2016 அக்டோபரில் ஹிரல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது. ஆனால் சேர்த்துவிட்டார்கள் என்பதாலேயே உத்தரவு வந்துவிடாது. இந்தச் சட்டப்படி ஒருவர் எதிர்மனுதாரராக இருக்க வேண்டுமென்றால், மனுதாரரோடு ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் அக்கா உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே கோவைக்குப் போய்விட்டாரா? அப்படியானால் அவருடைய கல்யாணப் பத்திரிகை, கோவை முகவரியுள்ள ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வழக்கிலிருந்து பெயரை நீக்கக் கேட்டு அதே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. பிரிவு 12 மனுவை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு, ஆனால் அதை மிக அரிதாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2025 மே மாதம் சௌரப் குமார் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்ற வழக்கிலும் இதே கதைதான். தேதி இல்லாமல், யார் என்ன செய்தார் என்று குறிப்பாக இல்லாமல், "மாமியாரும் நாத்தனாரும் கொடுமைப்படுத்தினார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி உறவினர்களை இழுப்பதை 2024 டிசம்பரில் தாரா லட்சுமி நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே கண்டித்தது. அதனால் புகாரில் அக்கா கார் கேட்டார் என்பதற்கு நாள், இடம், யார் முன்னிலையில் என்று ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அம்மா விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அவர் அதே வீட்டில் இருந்தவர். அவரைப் பற்றிக் குறிப்பாக எழுதியிருந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்று, வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராகப் போட முடியாது, பிரிவு 19-லேயே அது இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரை பஸ் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போகவும் வேண்டாம். வக்கீல் மூலம் ஆஜரானால் போதும் என்பதற்கு அந்தச் சட்டத்தின் விதிகளோடு உள்ள நோட்டீஸ் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

திண்டுக்கல்லில் எப்படி வழக்குப் போடலாம் என்று உங்களுக்குக் கோபம் இருக்கலாம். மனைவி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம் என்று பிரிவு 27 சொல்கிறது. அதை எதிர்த்து ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

சரி, இப்போது அந்த அறைக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வழக்கில் மனைவி பக்கம் ஆஜரானேன். கணவர் தாக்கல் செய்த கவுன்ட்டரில், அதாவது பதில் மனுவில், மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: "இந்த எதிர்மனுதாரர் தன் மனைவியை ஒருநாளும் கடிந்துகூடப் பேசியதில்லை." குறுக்கு விசாரணையில் அந்த வரியை அவரையே வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பிறகு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைக் காட்டினேன். தெரிந்த நபர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார், இடது காதருகே வீக்கம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அடுத்த நாள் காலை ஆறே முக்காலுக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பையும் காட்டினேன்: "நேத்து கோவத்துல அடிச்சிட்டேன், மன்னிச்சிடு." அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதரிடம் நியாயமான பதில்களும் இருந்தன. அவர் பணம் வாங்கியதாக மனைவி சொன்ன தேதியில் அப்படி ஒரு பணமே வரவில்லை என்று காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் வைத்திருந்தார். அதை எடுத்து நீட்டியபோது அவருக்குச் சாதகமாகக் கேட்கும் காது அந்த அறையில் மிச்சமில்லை.

ஒரே ஒரு அறை என்பது இந்தச் சட்டத்தின் முன் விலக்கு அல்ல. எத்தனை தடவை அடித்தால் வன்முறை என்று பிரிவு 3-இல் கணக்கு எதுவும் போடவில்லை, ஒரே செயல் போதும். அதே பிரிவின் விளக்கத்தில், ஒட்டுமொத்தச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் தரப்பு வாதத்துக்கு இடம் அங்கேதான். ஏழு வருட வாழ்க்கை எப்படி இருந்தது, அன்றைக்கு என்ன நடந்தது, அதன் பிறகு நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். "அவர் என் அம்மாவைப் பேசியதால்" என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். எந்த நீதிபதியும் அதை ஏற்க மாட்டார், நானும் ஏற்க மாட்டேன். குழந்தை அப்போது வீட்டில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வக்கீல் கேட்பார், மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்காக நாளைக்கே போய் நான் அடித்தேன் என்று பேப்பரில் எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் குற்ற வழக்கு வரும் நிலையில் இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை, பிரிவு 20(3). கவுன்ட்டரில் எதை எந்த வார்த்தையில் எழுதுவது என்பதை உங்கள் வக்கீல் யோசித்து முடிவு செய்யட்டும். அவரிடம் முழு உண்மையையும் சொன்னால்தான் அவரால் அதை முடிவு செய்ய முடியும். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது, சட்டமே அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது வேறு, சத்தியப் பிரமாணம் செய்து அது நடக்கவேயில்லை என்பது வேறு. இரண்டாவது தனிக் குற்றம்.

ஏ.டி.எம். கார்டு விஷயத்தை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், லோனுக்காக என்று. எனக்கு அறையைவிட இது பெரிதாகத் தெரிகிறது. அறை ஒரு நாள் நடந்தது. கார்டு எத்தனை வருடம் உங்கள் பர்ஸில் இருந்தது? வேலைக்குப் போகிற ஒரு பெண் தன் சம்பளத்திலிருந்து 200 ரூபாய் எடுக்க உங்களிடம் கேட்க வேண்டியிருந்தது என்றால், சட்டம் அதைப் பொருளாதார வன்முறை என்கிறது. பிரிவு 3-இல் உடல், பாலியல், வாய்மொழி மற்றும் மனம், பொருளாதாரம் என்று நான்கு வகை சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டீர்கள், நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இதுதான் வழக்கம், உங்கள் அப்பாவும் அப்படித்தான் வைத்திருந்திருப்பார். ஆனால் உங்கள் மனைவியின் சம்பளத்தில் அடைத்த லோனில் கட்டிய மாடி, உங்கள் அம்மா பெயரில் உள்ள வீட்டின் மேல் நிற்கிறது. அதை அவர் இடத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள்.

வீடு அம்மா பெயரில் இருப்பதால் மனைவிக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய கருத்தை மாற்றிவிட்டது. மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், அவர் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே தங்கக் கேட்கலாம். அது சொத்தில் பங்கு இல்லை, தங்கும் உரிமை மட்டும்தான். ஒரே வீட்டில் இருப்பது சரிவராது என்றால், வாடகைக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறேன் என்று நீங்களே முன்வரலாம், பிரிவு 19-இல் அதற்கு வழி இருக்கிறது. அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி.

இனி நண்பர்கள் சொன்ன யோசனைகள். வேலையை விடுவது இருப்பதிலேயே மோசமானது. உடம்பில் தெம்புள்ள, சம்பாதிக்கத் தெரிந்த மனிதர் வேலையில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2015-இல் ஷமீமா ஃபரூக்கி வழக்கில் கணவர் விருப்ப ஓய்வு வாங்கியதையும் ஒரு சாக்காக ஏற்கவில்லை. வேலையை விட்டால் சம்பளம் போகும், ஜீவனாம்சம் நிற்காது. ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அதில் உங்கள் 42 ஆயிரத்தையும் பிடித்தங்களையும் லோன் தவணையையும் அம்மாவின் மருந்துச் செலவையும் ரூபாய் கணக்கோடு எழுதுங்கள். அவர் டீச்சர் வேலையில் வாங்கும் சம்பளமும் கணக்கில் வரும். மறைக்காமல் கொடுக்கிறவருக்குத்தான் தாங்கக்கூடிய தொகையாக உத்தரவு வருகிறது. இன்னொன்று, ஜீவனாம்சம் பொதுவாக மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். அதனால் இழுத்தடிப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை, நிலுவைதான் ஏறும். இப்போதே குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையும் மாதம் ஒரு தொகையையும் மனைவியின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப ஆரம்பியுங்கள். கையில் ரொக்கமாக வேண்டாம்.

நகைத் திருட்டு என்று எதிர்ப்புகார் கொடுக்கும் யோசனையைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவருடைய நகை அவருடையது. அதை அவர் எடுத்துப் போனால் திருட்டு எப்படி ஆகும்? பொய்ப் புகார் கொடுத்தால் உங்கள் மீது வழக்கு வரும். அதுமட்டுமில்லை, அவர் ஏன் வீட்டைவிட்டுப் போனார் என்ற கேள்விக்கு அந்தப் புகாரே பதிலாகிவிடும்.

நகை சம்பந்தமாக நான் கணவர் பக்கம் நின்ற ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. பீரோவில் இருந்த மருமகளின் நகைகளை மாமியார் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். பட்டியல் எழுதி, மெமோவோடு (கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் சிறு குறிப்பு) திறந்த கோர்ட்டில் ஒப்படைத்தோம். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆரம், நெளி மோதிரம், குழந்தையின் கொலுசு, ஒரு ஜோடித் தோடு. தோட்டில் ஒரு திருகாணி இல்லை. மாமியார் ஒன்றும் பேசாமல் தன் காதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். 50 பவுன், 60 பவுன் என்று ஏறிக்கொண்டிருந்த பேச்சு அன்றோடு நின்றது. அதன் பிறகு சமரச மையத்தில் இரண்டே அமர்வில் பேச்சு முடிந்தது. உங்கள் வீட்டு பீரோவில் அவருடையது என்ன இருக்கிறதோ, நகையோ சான்றிதழோ பட்டுப்புடவையோ, அதைப் படம் எடுத்து, பட்டியல் போட்டு, வக்கீல் மூலம் திருப்பிக் கொடுங்கள். அதைப் பிடித்து வைத்துப் பேரம் பேச வேண்டாம்.

டைவர்ஸ் முதலில் போடுவதால் இந்த வழக்கு நிற்காது. உங்களுக்கு உண்மையிலேயே பிரிய வேண்டுமா என்பதை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. சேர்ந்து வாழ விருப்பமிருந்தால் அதைச் சொல்லுங்கள், கோர்ட்டே கவுன்சலிங்குக்கு அனுப்பலாம், பிரிவு 14 இருக்கிறது. வழக்குக்காக மட்டும் சேர்ந்து வாழ மனுப் போட்டுவிட்டு, சமரசத்தில் உட்கார்ந்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்களை நீதிபதிகள் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள்.

எதிர்ப்பு வாதத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது. மனுவின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திக்கும் நடந்தது என்ன என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். உண்மையை உண்மை என்றும், பாதி உண்மையைப் பாதி என்றும், பொய்யைப் பொய் என்றும் எழுதுங்கள். பொய் என்று எழுதும் இடத்தில் அதற்கு என்ன ஆதாரம் என்று சேருங்கள். ஒரு குறிப்பிட்ட பொங்கல் அன்று அடித்ததாகச் சொல்லி, அன்று உங்களுக்கு நைட் ஷிப்ட் என்றால் கம்பெனியின் வருகைப் பதிவு பேசும். அக்கா வந்து மிரட்டியதாகச் சொல்லும் வாரத்தில் அவர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி பேசும். 10 லட்சம் பற்றி உங்கள் இருவர் வங்கிக் கணக்கும் பேசும். வெறுமனே "மறுக்கிறேன், மறுக்கிறேன்" என்று எழுதும் கவுன்ட்டரால் பிரயோஜனம் இல்லை. போனில் உள்ள வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்கு எதிரானதையும்தான். அந்தப் போனையும் மாற்ற வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வைக்க வேண்டும், வக்கீல் செய்வார். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில், விவாகரத்து வழக்கில் கணவன் மனைவி பேச்சின் ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதற்காக இனிமேல் போன் செய்து அவரைக் கோபப்படுத்திப் பதிவு செய்யக் கிளம்பாதீர்கள். தூண்டிவிடும் உங்கள் குரலும் அதில் பதிவாகும்.

இடைக்கால உத்தரவு வந்தால் அதை எழுத்துக்கு எழுத்து மதியுங்கள். இந்தச் சட்டத்தில் சிறை என்பது பாதுகாப்பு உத்தரவை மீறும்போதுதான் வருகிறது. பிரிவு 31, ஒரு வருடம் வரை சிறை அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதது. தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு இருந்தால், மன்னிப்புக் கேட்டு அனுப்பும் ஒரு மெசேஜ்கூட மீறல்தான். சித்தப்பாவை அனுப்பிப் பேசச் சொல்வதும் மீறல்தான். மகளைப் பார்க்க ஆசையாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடவே கூடாது. வாரம் ஒரு நாள் இன்ன நேரத்தில் பார்க்க அனுமதி வேண்டும் என்று மனுப் போடுங்கள். உத்தரவு தப்பு என்று தோன்றினால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். பிறகு சூழ்நிலை மாறினால் பிரிவு 25-இல் மாற்றக் கேட்கலாம். மீறிவிட்டு விளக்கம் சொல்ல மட்டும் போகாதீர்கள்.

ஒன்றை மனதிலிருந்து சொல்கிறேன். "இந்தச் சட்டமே பெண்கள் துஷ்பிரயோகம் செய்யத்தான்" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்வார்கள். மிகைப்படுத்திய மனுக்கள் வருகின்றன, நானே பார்த்திருக்கிறேன். சில வக்கீல்கள் 50 பவுன் என்று எழுதாமல் மனுவை முடிக்கவே மாட்டார்கள், அது அந்தப் பெண்ணுக்கே கெடுதல். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதில் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்சம்தான். உங்கள் மனைவி எழுதியதில் எது மிகை என்று நிரூபியுங்கள், கூடவே அந்த 38 பேரில் ஒருவராக அவரை ஆக்கியது எது என்றும் நினைத்துப் பாருங்கள். கோபம் வந்தால் கை நீளுகிறது என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். வழக்குக்காகச் சொல்லவில்லை. சேர்ந்து வாழ்ந்தாலும் பிரிந்தாலும் நீங்கள் ஒரு பெண் குழந்தைக்கு அப்பா.

சமரசம் பேசி முடிந்தால், வரதட்சணைக் கொடுமை வழக்கை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து காவல் நிலையத்தில் முடித்துக்கொள்ள முடியாது. சமரசம் செய்துகொள்ளத் தக்க குற்றமாக அது பட்டியலில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட்டுத்தான் முடிக்க வேண்டும், 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலிருந்து அந்த வழி திறந்திருக்கிறது. எனவே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெள்ளைப் பேப்பரில் எழுதிய உடன்படிக்கையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், சமரச மையம் மூலம் எழுத்தில் வரட்டும்.

வக்கீல் வைக்க வசதி போதாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் எதிர்மனுதாரருக்கும் இலவச உதவி உண்டு. உங்கள் அம்மா பெண் என்பதால் அவருக்கு அந்த வரம்பும் கிடையாது.

சம்மனில் உள்ள தேதியைத் தவறவிடாதீர்கள். முந்தைய நாள் மாலையே திண்டுக்கல் போய், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, உங்கள் வக்கீலோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். காலையில் கோர்ட் வாசலில் அவர் கையில் ஃபைலைத் திணிக்க வேண்டாம். நீங்கள் வராவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு போகும், அப்புறம் அதை ரத்து செய்யவே மூன்று மாதம் அலைவீர்கள். போகும்போது சம்பளச் சீட்டு, லோன் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றோடும் அந்த ஏ.டி.எம். கார்டையும் எடுத்துப் போங்கள். முதல் வாய்தாவிலேயே ஒரு மெமோ போட்டு, கார்டை மனைவியிடம் சேர்த்துவிடுங்கள்.